இலை வெளுக்கிறதா? கண்ணாடி இறக்கை நாவாய்ப்பூச்சியை அறிகுறி வழியாகக் கண்டறிந்து தீர்க்கும் முறை

இலை வெளுத்துவிட்டது என்றவுடன் உரம் வைப்பவர்களும் உண்டு, கையில் கிடைத்த பூச்சிக்கொல்லியை மேலிருந்து தெளிப்பவர்களும் உண்டு. இரண்டுமே பெரும்பாலும் வீணாகின்றன. வெளுப்பு இலையின் மேற்பரப்பில் தெரிகிறது. அதை உண்டாக்கும் உயிர் அடிப்பரப்பில் வாழ்கிறது. கண்ணாடி இறக்கை நாவாய்ப்பூச்சிகளைப் பொறுத்தவரை, அவற்றின் முட்டையோ அடிப்பரப்பிலும் இல்லை, இலைச் சதைக்குள்ளேயே புதைந்திருக்கிறது. இந்த மூன்று இடங்களையும் பிரித்துப் பார்க்கத் தெரிந்தவருக்குக் கீழே வரும் சிக்கல்களில் பெரும்பாலானவை தாமாகவே விளங்கிவிடும்.

டிங்கிடே என்ற குடும்பத்தைச் சேர்ந்த இப்பூச்சிகள் உலகெங்கும் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட இனங்களாகப் பரவியுள்ளன. மூட்டைப்பூச்சியும் கதிர் நாவாய்ப்பூச்சியும் அடங்கிய அதே பெரும் பிரிவில்தான் இவையும் வருகின்றன. ஆனால் இவற்றின் உணவு தாவரச் சாறு மட்டுமே. முதிர்ந்த பூச்சி பெரும்பாலும் 2 முதல் 5 மில்லிமீட்டர் நீளமே இருக்கும். தட்டையான உடல், அதன் மேல் படிந்திருக்கும் முன்னிறக்கைகள் முழுவதும் நுண்ணிய கண்ணறைகளால் ஆன வலைப்பின்னல். தலைக்குப் பின்னுள்ள மார்புக்கவசமும் அதே பின்னலோடு பக்கவாட்டில் அகன்றும், பல இனங்களில் தலைக்கு மேல் முக்காடாகக் கவிந்தும் இருக்கும். சாதாரணக் கைக்கண்ணாடி ஒன்றால் பார்த்தாலே இந்த வலைப்பின்னல் தெளிவாகத் தெரியும். இப்படிப்பட்ட இறக்கையுள்ள பூச்சியை ஒருமுறை பார்த்துவிட்டால் வேறெதனோடும் குழப்பிக்கொள்ள மாட்டீர்கள்.

பெயர் குறித்து ஒரு முன்னெச்சரிக்கையும் தேவை. பச்சை நிறத்தில் மென்மையான இறக்கைகளோடு இரவில் விளக்கை நாடி வரும் பூச்சியையும் கண்ணாடி இறக்கைப் பூச்சி என்றே வழங்குகிறோம். அது அசுவினியையும் மாவுப்பூச்சியையும் தின்னும் நன்மை செய்யும் பூச்சி. நாவாய்ப்பூச்சிகளின் எதிரிகளுள் அதுவும் ஒன்று. மெல்லிய காம்பின் நுனியில் ஒவ்வொன்றாக நிற்கும் வெண்ணிற முட்டைகளை இலையில் கண்டால் அவை அந்த நண்பனுடையவை என்று அறிந்து அப்படியே விட்டுவிடுங்கள்.

அறிகுறி: இலையின் மேற்பரப்பில் ஊசிமுனை அளவு வெளிர்புள்ளிகள்

இதுவே முதலில் கண்ணில் படும் அறிகுறி. புள்ளிகள் பெரும்பாலும் நடுநரம்பை ஒட்டியோ பக்க நரம்புகளின் கவட்டிலோ தொடங்கி, நாளடைவில் ஒன்றோடொன்று கலந்து, இலை முழுவதையும் சாம்பல் கலந்த வெள்ளையாகவோ வெளிர்மஞ்சளாகவோ மாற்றிவிடும். முற்றிய நிலையில் இலை பழுப்பேறிக் காய்ந்து உதிரும்.

பூச்சி அடியில் இருக்கும்போது புள்ளி மேலே தெரிவதற்குக் காரணம் அதன் உண்ணும் முறை. அசேலியா என்ற அழகுப் பூப்புதரைத் தாக்கும் ஸ்டெஃபானைடிஸ் பிரியாய்டிஸ் என்ற இனத்தில் இது நன்கு ஆராயப்பட்டுள்ளது. அப்பூச்சி தன் ஊசி போன்ற வாயுறுப்புகளை அடிப்பரப்பிலுள்ள இலைத்துளைகளின் வழியே செலுத்தி, இலையின் மேல்தோலுக்குச் சற்றே கீழே நெருக்கமாக நிற்கும் பச்சையம் மிகுந்த செல்களை எட்டி, அவற்றின் உள்ளடக்கத்தை உறிஞ்சிவிடுகிறது. வெறுமையான செல்கள் மேலிருந்து பார்ப்பவருக்கு வெளிர்புள்ளிகளாகத் தெரிகின்றன. ஆக, செடி இழப்பது வெறும் சாற்றை அன்று. ஒளிச்சேர்க்கை செய்யும் இடத்தையே இழக்கிறது. இதனால்தான் பூச்சியின் எண்ணிக்கை குறைவாகத் தோன்றும்போதும் செடி மெலிந்துபோகிறது.

இப்போது இலையைத் திருப்புங்கள். அடிப்பரப்பில் பளபளப்பான கரிய அல்லது கரும்பழுப்புப் புள்ளிகள், தார் தெறித்தாற்போல் ஒட்டிக்கொண்டு இருந்தால், அவை பூச்சியின் கழிவுத் துளிகள். அவற்றோடு பூச்சி உரித்த வெண்ணிறச் சட்டைகளும், வலையிறக்கைப் பூச்சிகளும், முள் நிறைந்த இளம்பூச்சிகளும் இருந்தால் நோயறிதல் முடிந்தது; ஐயத்துக்கு இடமில்லை.

அவை இல்லாவிட்டால் வேறு காரணத்தைத் தேட வேண்டும். அடியில் நுண்ணிய நூலாம்படையும், நகரும் தூசியளவு உயிர்களும், அவற்றின் முட்டைகளும் மட்டும் இருந்து, கரும்புள்ளிகள் இல்லையென்றால் அது சிலந்திப்பேன். வெள்ளைத் தாளின் மேல் இலையைத் தட்டினால் அவை தாளில் விழுந்து மெல்ல ஊர்வதைக் காணலாம். வெண்புள்ளிகளும் உரிந்த சட்டைகளும் இருந்து, கழிவுத் துளிகள் இல்லாமல், இலையைத் தொட்டவுடன் பக்கவாட்டில் ஓடியோ தாவியோ மறையும் பூச்சிகள் இருந்தால் அவை தத்துப்பூச்சிகள். இலைகளில் பிசுபிசுப்பும் அதன்மேல் கரும்பூசணமும் படர்ந்திருந்தால் அசுவினி, மாவுப்பூச்சி, வெள்ளை ஈ, செதில்பூச்சி ஆகியவற்றுள் ஒன்றைத் தேடுங்கள். நாவாய்ப்பூச்சிகளின் இக்குடும்பம் அவற்றைப்போல் இனிப்புக் கழிவைச் சொரிவதில்லை. ஆகவே கரும்பூசணம் இவற்றின் அடையாளம் அன்று.

பூச்சியே இல்லாத வெளுப்பும் உண்டு. நரம்புகள் பசுமையாகவே நிற்க இடைப்பகுதி மட்டும் சீராக மஞ்சளானால், இளந்தளிரில் அது பெரும்பாலும் இரும்புச்சத்துக் குறைபாடு, முதிர்ந்த இலையில் மெக்னீசியக் குறைபாடு. காற்றிலுள்ள ஓசோன் மிகும்போதும் சில செடிகளின் முதிர்ந்த இலைகளில் மேற்பரப்பில் மட்டும் நுண்புள்ளிகள் தோன்றும். அடிப்பரப்பு அப்போது துப்புரவாகவே இருக்கும். இவை எதற்கும் பூச்சிக்கொல்லி மருந்தாகாது என்பதால்தான் இலையைத் திருப்பிப் பார்க்கும் அந்த ஒரு செயலை நான் இவ்வளவு வலியுறுத்துகிறேன்.

அறிகுறி: அடியில் கரும்புள்ளிகள் உள்ளன, பூச்சி ஒன்றும் காணவில்லை

இதற்கு இரு விளக்கங்கள் உள்ளன. ஒன்று, இது இலைப்பேனின் வேலையாக இருக்கலாம். இலைப்பேனும் இலையை வெளுக்கச் செய்து கரிய கழிவுத் துளிகளை விட்டுச் செல்லும். ஆனால் அதன் சேதம் தனித்தனிப் புள்ளியாக இல்லாமல் வெள்ளிப்பூச்சுப் பூசியதுபோன்ற கோடுகளாகவும் திட்டுகளாகவும், பெரும்பாலும் அது உட்கார்ந்து தின்ற அதே பரப்பிலேயே தெரியும். இளந்தளிர்கள் சுருண்டும் கோணியும் போகும். நாவாய்ப்பூச்சியின் சேதத்தில் தளிர் கோணுவது அரிது. விரிந்து முதிர்ந்த இலைகளே முதலில் தாக்கப்படும்.

மற்றொன்று, பூச்சி வந்து போயிருக்கலாம். கழிவுத் துளிகளும் உரிந்த சட்டைகளும் பூச்சி அழிந்து பல வாரங்களுக்குப் பின்னும் இலையில் ஒட்டியிருக்கும். விரலால் தொட்டால் உடையும் காய்ந்த சட்டைகள் மட்டுமே இருந்து, செடியின் புதிய இலைகள் தூய்மையாக இருந்தால், தாக்குதல் முடிந்துவிட்டது. ஒன்றும் செய்ய வேண்டியதில்லை. குளிர்நாடுகளில் இலையுதிர் காலத்துக்குப் பின் இந்த நிலைதான் காணப்படும். ஆனால் அங்கே பூச்சி அழிந்துவிடவில்லை. இனத்துக்கேற்ப அது முட்டையாக இலைக்குள்ளோ முதிர்பூச்சியாக மரப்பட்டையின் அடியிலோ சருகுகளிடையிலோ குளிர்காலத்தைக் கடக்கிறது.

அறிகுறி: நடுநரம்பை ஒட்டிக் கரும்பழுப்புப் பருக்கள்

கைக்கண்ணாடியில் பார்த்தால் சிறு எரிமலைவாய்களின் வரிசைபோல் தோன்றும் இவையே முட்டைகள். பெண்பூச்சி தன் முட்டையிடும் உறுப்பால் இலைத் திசுவைத் துளைத்து, முட்டையை உள்ளே செருகி, மூடியுள்ள நுனியை மட்டும் வெளியே தெரியும்படி விடுகிறது. பல இனங்களில் அதன்மேல் கரிய கழிவைப் பூசி மறைத்தும் வைக்கிறது. அது காய்ந்து கெட்டியாகிவிடுவதால், சுரண்டி எடுத்தால்தான் அடியில் முட்டையின் மூடி தெரியும்.

மூடி திறந்திருந்தால் குஞ்சு வெளியேறிவிட்டது. மூடி அப்படியே இருந்தால் உள்ளே கரு வளர்ந்துகொண்டிருக்கிறது. மூடியில் ஒழுங்கற்ற சிறு ஓட்டை ஒன்று இருந்தால் மகிழ்ச்சியடையுங்கள்: அது முட்டை ஒட்டுண்ணிக் குளவி வெளிவந்த வழியாக இருக்கலாம். அசேலியாப் பூச்சியின் முட்டைக்குள் வளரும் அனாக்ரஸ் டகெயானஸ் என்ற குளவி இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. கண்ணுக்கு எளிதில் புலப்படாத அளவு சிறிய அக்குளவி, இலைக்குள் புதைந்த முட்டையையும் தேடிப்பிடிக்கிறது. தெளிப்பு மருந்தால் எட்ட முடியாத இடத்தை எட்டும் வல்லமை அதற்குத்தான் உண்டு.

முட்டைகள் மட்டும் தெரிந்து, தாக்கப்பட்ட இலைகளும் சிலவே என்றால், அவற்றைக் கிள்ளியெடுத்து அழிப்பதே சிறந்த மருத்துவம். முட்டை இலையோடு பிணைந்திருப்பதால் இலை போனால் அடுத்த தலைமுறையும் போயிற்று. கீழே உதிர்த்துவிட்டு அப்படியே விட்டுவிடாதீர்கள். இலை முற்றிலும் காயும்வரை அதிலுள்ள முட்டைகள் பொரிக்க வாய்ப்புண்டு.

அறிகுறி: முட்கள் நிறைந்த கரிய சிறு உயிர்கள் கூட்டமாக உள்ளன

இவற்றைக் கண்டு பலர் பொறிவண்டின் புழுக்கள் என்று எண்ணி விட்டுவிடுகிறார்கள். மறுபுறம், உண்மையான பொறிவண்டுப் புழுவை நாவாய்ப்பூச்சி என்றெண்ணி நசுக்கிவிடுகிறவர்களும் இருக்கிறார்கள். வேறுபாடு எளிது. பொறிவண்டுப் புழு நீண்ட உடலோடு தனியாக அலையும், வேகமாக நடக்கும், அதற்கு மெல்லும் வாய் உண்டு. நாவாய்ப்பூச்சியின் இளம்பூச்சி அகன்று தட்டையாக, பக்கங்களில் முள்போன்ற நீட்சிகளோடு, தன்னைப் போன்றவற்றோடு நெருங்கி, இலையோடு ஒட்டி அசையாமல் இருக்கும். தலைக்கு அடியில் உறிஞ்சு குழல் மடிந்திருக்கும்.

இவற்றுக்குக் கூட்டுப்புழுப் பருவம் கிடையாது. முட்டையிலிருந்து வந்த குஞ்சு ஐந்து இளம்பருவங்களைக் கடந்து, ஒவ்வொரு முறையும் சட்டையுரித்து, ஐந்தாம் சட்டையைக் கழற்றியபின் இறக்கையுள்ள முதிர்பூச்சியாகிறது. இப்பருவங்களைக் கடக்கும் வேகத்தை வெப்பமே தீர்மானிக்கிறது: வெப்பமான காலத்தில் சில வாரங்களில் முடியும் வாழ்க்கைச் சுற்று, குளிர்ந்த காலத்தில் இரண்டு மூன்று மாதங்கள்கூட நீளும். இறக்கை இல்லாத இளம்பூச்சியால் பறக்க முடியாது. அதுதான் அதன் பலவீனம். அந்தப் பருவத்தில் நீரை வேகமாக இலையின் அடியில் பீய்ச்சினாலே பெரும்பகுதி கீழே விழும், விழுந்தவற்றுள் பல மீண்டும் செடிக்கு ஏறி வருவதில்லை.

கூட்டத்தின் அருகில் முதிர்ந்த பூச்சி ஒன்று நின்றுகொண்டிருப்பதைக் கண்டால் சற்று நேரம் கவனியுங்கள். வட அமெரிக்காவில் கத்தரியையும் அதன் இனச் செடிகளையும் உண்ணும் கார்காஃபியா சோலானி என்ற இனத்தில் தாய் தன் முட்டைகளையும் இளம்பூச்சிகளையும் காவல் காக்கிறது. வேட்டைப்பூச்சி நெருங்கினால் இறக்கைகளை அடித்து அதன்மேல் பாய்கிறது. குஞ்சுகள் ஓரிலையிலிருந்து மற்றோர் இலைக்குக் கூட்டமாகச் செல்லும்போது உடன் செல்கிறது. டக்ளஸ் டாலமி என்ற பூச்சியியலாளர் 1980களில் இதை விரிவாக ஆராய்ந்தார். தாயை அகற்றிய கூட்டங்களில் தப்பிப் பிழைத்த குஞ்சுகள் மிகக் குறைவு. சில பெண்பூச்சிகள் தம் முட்டைகளை மற்றொரு தாயின் முட்டைக் கூட்டத்தில் இட்டுவிட்டு, காவல் பொறுப்பை அதனிடமே விட்டுச் செல்கின்றன என்பதும் அவ்வாய்வுகளில் தெரியவந்தது. இவ்வளவு சிறிய உயிரிடம் இப்படியொரு வாழ்க்கை இருப்பதை அறிந்தபின் அதை வெறும் தொல்லையாக மட்டும் என்னால் பார்க்க முடிவதில்லை. ஆயினும் கத்தரிச் செடியைக் காக்க வேண்டியவருக்கு இச்செய்தியில் ஒரு பயனும் உள்ளது: காவலிருக்கும் தாய் எளிதில் பறந்தோடாது, ஆகவே அந்த ஓரிலையைக் கிள்ளினால் தாயும் குஞ்சுகளும் ஒன்றாகவே அகப்படும்.

அறிகுறி: மருந்து தெளித்தும் சில நாள்களில் மறுபடி வருகிறது

மிகுதியாகக் கேட்கப்படும் கேள்வி இது. வரிசையாகச் சோதித்துப் பாருங்கள்.

தெளிப்பு எங்கே பட்டது என்பது முதல் கேள்வி. சோப்புக் கரைசல், வேப்பெண்ணெய் போன்றவை பூச்சியின் உடலில் நேரடியாகப் பட்டால் மட்டுமே கொல்லும். மேலிருந்து தெளித்தால் அடிப்பரப்பு காய்ந்தே இருக்கும். தெளிப்பானின் முனையை மேல்நோக்கித் திருப்பி, செடியின் உட்பகுதியிலிருந்து வெளிநோக்கி, இலைகளின் அடி நனையும்படி தெளிக்க வேண்டும்.

அடி நனைந்திருந்தும் பூச்சி திரும்பினால், எப்போது திரும்பியது என்று பாருங்கள். அடுத்த நாளே இறக்கையுள்ள பூச்சிகள் வந்தால் அவை அக்கம்பக்கச் செடிகளிலிருந்து பறந்து வந்தவை. ஒரு வாரத்துக்குப் பின் மிகச்சிறிய, வெளிறிய இளம்பூச்சிகள் தோன்றினால், அவை தெளிப்பின்போது முட்டைக்குள் பாதுகாப்பாக இருந்தவை. மருந்து பழுதில்லை, உங்கள் தெளிப்பும் பழுதில்லை, முட்டை இலைக்குள் இருந்தது, அவ்வளவே. ஆகவே ஏழு முதல் பத்து நாள் இடைவெளியில், பொரித்து வருபவை முட்டையிடும் வயதை அடையும் முன், மீண்டும் தெளிப்பது இன்றியமையாதது. இலையில் புதிய குஞ்சுகள் காணப்படுவது நின்றபின் தெளிப்பையும் நிறுத்திவிடுங்கள்.

முட்டையாகக் குளிர்காலத்தைக் கடக்கும் இனங்களில் ஒரு நல்ல வாய்ப்பு கிடைக்கிறது. இளவேனிலில் அம்முட்டைகள் ஏறக்குறைய ஒரே சமயத்தில் பொரிக்கும். அந்த முதல் தலைமுறையை இளம்பருவத்திலேயே கட்டுப்படுத்திவிட்டால் ஆண்டின் எஞ்சிய பகுதியில் வேலை மிகவும் குறையும். கோடையில் தலைமுறைகள் ஒன்றோடொன்று கலந்து, எல்லாப் பருவங்களும் ஒரே இலையில் இருக்கும் நிலை வந்தபின் தொடங்குபவர் அதே பயனை அடையப் பன்மடங்கு உழைக்க வேண்டியிருக்கும்.

மூன்றாவதாக, நீங்கள் தெளித்த மருந்தே சிக்கலுக்குக் காரணமாகியிருக்கலாம். பல பூச்சிகளையும் ஒருசேரக் கொல்லும் வீரியமான மருந்துகள் சிலந்திகளையும் பொறிவண்டுகளையும் ஒட்டுண்ணிக் குளவிகளையும் அழித்துவிடுகின்றன. இலைக்குள்ளிருந்த முட்டையோ தப்பிவிடுகிறது. எதிரியற்ற செடியில் பொரிக்கும் குஞ்சுகளுக்கு அதைவிடச் சாதகமான சூழல் வேறில்லை. இமிடாகுளோபிரிட் போன்ற ஊடுருவும் மருந்துகளை மண்ணில் ஊற்றினால் நாவாய்ப்பூச்சி கட்டுப்படும் என்பது உண்மை. ஆனால் அவற்றுக்குப் பின் சிலந்திப்பேன் பெருகிய நிகழ்வுகள் பல செடிகளில் பதிவாகியுள்ளன, பூக்கும் செடியில் அம்மருந்து தேனிலும் மகரந்தத்திலும் கலந்து தேனீக்களுக்கும் போய்ச் சேர்கிறது. இலைக்காகவே வளர்க்கும் துளசியில், காக்லோகைலா புல்லிட்டா என்ற இனம் தாக்கியிருந்தாலும், இத்தகைய மருந்தை எண்ணிப் பார்க்கவும் கூடாது என்பது என் உறுதியான கருத்து. அங்கே கிள்ளுதல், கவாத்து, நீர்ப்பீய்ச்சல், சோப்புக் கரைசல் ஆகியவையே போதும். சோப்புக் கரைசலையும் முதலில் ஓரிரு இலைகளில் தெளித்துப் பார்த்து, கருகல் இல்லையென்று உறுதியான பின், வெயில் தணிந்த வேளையில் தெளியுங்கள்.

அறிகுறி: பூச்சி ஒழிந்தது, இலை பச்சையாகவில்லை

ஆகாது. வெறுமையான செல்கள் மீண்டும் நிரம்புவதில்லை. வெளுத்த இலை உதிரும்வரை வெளுத்தே இருக்கும். சிகிச்சை பலித்ததா என்பதைப் பழைய இலையில் தேடாமல், அதற்குப் பின் விரிந்த இலைகளில் பாருங்கள். அவை புள்ளியின்றி இருந்தால் பலித்துவிட்டது. இதை அறியாமல் வெளுத்த இலைகளைப் பார்த்துப் பார்த்தே தொடர்ந்து மருந்தடிப்பவர்கள் பலர். பசுமை மாறா மரங்களிலும் புதர்களிலும் பழைய இலை ஒன்றுக்கு மேற்பட்ட ஆண்டுகள் நீடிக்கும் என்பதால் அவற்றில் இந்த ஏமாற்றம் இன்னும் எளிதில் நேர்கிறது.

அறிகுறி: ஒரே வகைச் செடிகளுள் ஒன்று மட்டும் கடுமையாகத் தாக்கப்பட்டுள்ளது

செடி நிற்கும் இடத்தைப் பாருங்கள். அசேலியாவில் நடந்த ஆய்வுகள் இதைத் தெளிவாகக் காட்டியுள்ளன: திறந்த வெயிலில், சுற்றிலும் வேறு செடிகொடிகள் இல்லாமல் தனியாக நிற்கும் செடிகளில் பூச்சி பெருகுகிறது, மரநிழலில், பலவகைப் புதர்களும் தரைமூடும் செடிகளும் நெருங்கிய இடத்தில் அது குறைவாகவே இருக்கிறது. நிழலிலுள்ள இலை பூச்சிக்குச் சுவைக்காது என்பது இதற்கு முதன்மைக் காரணம் அன்று. பல அடுக்குத் தாவரங்கள் நிறைந்த இடத்தில் சிலந்திகளும் மற்ற வேட்டையாடிகளும் ஆண்டு முழுவதும் உண்டு வாழ வழியிருப்பதால், நாவாய்ப்பூச்சி வரும்போது அவையும் அங்கே இருக்கின்றன. மிரிடே குடும்பத்தைச் சேர்ந்த ஸ்டெதோகோனஸ் என்ற பேரினம், வலையிறக்கை நாவாய்ப்பூச்சிகளையே முதன்மை இரையாகக் கொண்டது. நாவாய்ப்பூச்சியை வேட்டையாடும் நாவாய்ப்பூச்சி அது; நீண்ட கால்களோடு கூட்டத்தினூடே விரைந்து நடக்கும் மெல்லிய பூச்சியைக் கண்டால் நசுக்கும் முன் நன்றாகப் பாருங்கள்.

ஆகவே ஆண்டுதோறும் அதே செடியே தாக்கப்பட்டால், மருந்தை மாற்றுவதைவிட இடத்தை மாற்றுவதோ, அதனருகில் நிழல்தரும் செடிகளை வளர்ப்பதோ, வேர்ப்பகுதியில் மூடாக்கு இட்டு நீர்ப்பற்றாக்குறையைப் போக்குவதோ நீண்ட காலப் பயன் தரும்.

பக்கத்துச் செடிகளுக்கெல்லாம் பரவிவிடுமோ என்று அஞ்ச வேண்டியதில்லை. இக்குடும்பத்தின் பெரும்பாலான இனங்கள் ஒரே பேரினத்தையோ ஒரே தாவரக் குடும்பத்தையோ சார்ந்து வாழ்பவை. கத்தரியைத் தாக்கும் யூரென்டியஸ் என்ற பூச்சி ரோசாச் செடிக்குப் போகாது. அகாலிப்டா என்ற பேரினத்துக்கோ பாசிகளே உணவு. ஆனால் புதிய நிலத்துக்கு வந்து சேர்ந்த இனங்களிடம் கவனம் தேவை. வட அமெரிக்காவைச் சேர்ந்த காரிதூகா மார்மொராட்டா 2000ஆம் ஆண்டில் ஜப்பானில் முதன்முதலாகக் கண்டறியப்பட்டபின், தன் பழைய உணவான சூரியகாந்திக் குடும்பச் செடிகளோடு நில்லாமல் சர்க்கரைவள்ளிக் கிழங்கின் இலைகளையும் உண்ணத் தொடங்கியது.

அறிகுறி: பூமொட்டு வீங்கி, விரியாமலே நிற்கிறது

இக்குடும்பத்தில் கழலை உண்டாக்கும் இனங்கள் மிகச் சிலவே. கோபியம், பாராகோபியம் என்ற இரு பேரினங்களின் இளம்பூச்சிகள் மொட்டுக்குள் வாழ்ந்து, பூவை வீங்கிய உருண்டையாக்கி, அதனுள்ளேயே வளர்ந்து முதிர்பூச்சியாக வெளிவருகின்றன. வீங்கிய மொட்டு ஒன்றைப் பிளந்து பார்த்து உறுதி செய்யுங்கள். உள்ளே புழு இருந்தால் அது வேறு பூச்சி. தெளிப்பு உள்ளே போகாது என்பதால் மொட்டுகளைக் கிள்ளி அழிப்பது ஒன்றே வழி.

அறிகுறி: தென்னை ஓலையின் அடியில் வலையிறக்கைப் பூச்சிகள், ஓலை தளர்ந்து மஞ்சளாகிறது

இங்கே இரண்டையும் பிரித்துப் பார்க்க வேண்டும். ஸ்டெஃபானைடிஸ் டிபிகா என்ற இனம் தென்னை, வாழை, மஞ்சள், ஏலம் போன்றவற்றின் இலையடியில் வாழ்கிறது; அது உறிஞ்சுவதால் வரும் வெண்புள்ளிகள் மட்டும் மரத்தை வீழ்த்திவிடாது. ஆனால் தென்னையின் கேரள வேர்வாடல் நோயை உண்டாக்கும் ஃபைட்டோபிளாஸ்மா என்ற நுண்ணுயிரைப் பரப்பும் பூச்சிகளுள் இதுவும் ஒன்று என்பது நிறுவப்பட்டுள்ளது. பொதுவாக நோய் பரப்பாத இக்குடும்பத்தில் இது அரிய விதிவிலக்கு. ஓலையின் கீற்றுகள் விறைப்பிழந்து உள்வளைதல், வெளியடுக்கு மட்டைகள் மஞ்சளாதல், கீற்றின் ஓரங்கள் கருகுதல் ஆகியவை அந்நோயின் அறிகுறிகள். அவை இருந்தால் பூச்சியைக் கொல்வதால் மட்டும் மரம் குணமடையாது. நோயுற்ற மரங்களை அடையாளம் காண்பதும், விளைச்சல் மிகக் குன்றியவற்றை அகற்றுவதும், சமச்சீர் ஊட்டம் தருவதும், நோயற்ற தாய்மரங்களிலிருந்து நாற்றுத் தெரிவு செய்வதும் சேர்ந்ததே அங்கு மேலாண்மை. அந்நோயின் குறிகள் இல்லாமல் பூச்சி மட்டும் ஆங்காங்கே தென்பட்டால், மரம் முழுவதும் மருந்தடிக்கத் தேவையில்லை.

அறிகுறி: மரத்தடியில் உட்கார்ந்தால் சிறு பூச்சிகள் மேலே விழுந்து குத்துகின்றன

குளிர்நாடுகளின் சாலையோரங்களில் வளர்க்கப்படும் பிளேன் மரங்களில் வாழும் காரிதூகா சிலியாட்டா என்ற இனம், வட அமெரிக்காவிலிருந்து வந்து 1964இல் இத்தாலியின் பதுவா நகரில் கண்டறியப்பட்டு, பின்பு ஐரோப்பாவின் பெரும்பகுதிக்கும் கிழக்காசியாவுக்கும் பரவியது. சாலையோர மரங்களில் அது பெருகும்போது மனிதர் மேல் விழுந்து தோலில் குத்திப் பார்ப்பது உண்டு. இரத்தம் அதற்கு உணவன்று. குத்தும் இடத்தில் சிறு தடிப்பும் அரிப்பும் ஏற்பட்டுத் தணியும். அப்பூச்சி குளிர்காலத்தில் உரிந்து நிற்கும் மரப்பட்டைகளின் அடியில் கூட்டமாகத் தங்குகிறது. தளர்ந்த பட்டைகளை அக்காலத்தில் அகற்றினால் அடுத்த ஆண்டின் தொடக்க எண்ணிக்கையைக் குறைக்கலாம்.

அறிகுறி: உண்ணிச்செடிப் புதர்கள் வெளுத்து இலையுதிர்க்கின்றன

இங்கே ஒன்றும் செய்யாதீர்கள். டெலியோனீமியா ஸ்க்ருபுலோசா என்ற இனம் காடுகளையும் மேய்ச்சல் நிலங்களையும் ஆக்கிரமிக்கும் உண்ணிச்செடியை உண்பது. அக்களையைக் கட்டுப்படுத்தவென்றே 1902இல் மெக்சிகோவிலிருந்து ஹவாய்க்குக் கொண்டுசெல்லப்பட்டு, பின்னர் வெப்பமண்டல நாடுகள் பலவற்றில் விடப்பட்டது. வெயில் மிகுந்த வறண்ட காலத்தில் புதர்களை முற்றிலும் இலையற்றதாக்கவும் அதனால் முடியும். ஆனால் மழை வந்ததும் புதர் மீண்டும் தழைப்பதால் களையை அது ஒருபோதும் முழுமையாக ஒழித்ததில்லை. உகாண்டாவில் உண்ணிச்செடிகளின் இலையெல்லாம் தீர்ந்தபின் அருகிலிருந்த எள் வயல்களில் அது இறங்கியதும் பதிவாகியுள்ளது. ஆகவே வெளுத்த புதருக்கு அருகில் எள் பயிரிட்டிருப்பவர், புதரைத் தொடாமல், வரப்போரத்து எள் இலைகளின் அடிப்பக்கத்தை மட்டும் வாரம் ஒருமுறை திருப்பிப் பார்த்துவர வேண்டும். அங்கே இளம்பூச்சிகள் இல்லாமல் முதிர்பூச்சிகள் மட்டும் இருந்தால் அவை வந்து தங்கியவையே. கரும்பழுப்பு முட்டைப் பருக்களோ இளம்பூச்சிகளோ எள் இலையிலேயே தோன்றினால் மட்டும், அந்த ஓர வரிசைகளோடு நிறுத்தி, மேலே சொன்ன முறையில் இலையடி நனையச் சோப்புக் கரைசலைத் தெளிக்கலாம்.